சாயப் பட்டறையில் ஒரு பொய்க்கோடு

கஜபதி என்றால் யானைகளுக்குத் தலைவன் என்று பொருள். திருத்தணியில் அந்தப் பெயரைச் சுமந்தவரின் எடை நாற்பத்தெட்டு கிலோ. அம்மையார்குப்பத்துத் தறிக்காரக் குடும்பம். இருபது வயதில் கறுப்புச் சட்டை போட்டவர், நாற்பத்தாறிலும் கழற்றவில்லை. கிருத்திகை தோறும் மலைப்படிகளின் அடியில் நின்று, கடவுளும் இல்லை பேயும் இல்லை என்று அச்சடித்த துண்டுத் தாளைக் காவடிக்காரர்களுக்குக் கொடுப்பார். அவர்கள் மரியாதையாக வாங்கிக்கொண்டு மேலே போய், இறங்கும்போது அதிலேயே விபூதியை மடித்து எடுத்து வருவார்கள். கஜபதிக்கு அதில் கோபம் இல்லை. "தாளாவது மலை ஏறுதே" என்பார்.

இப்படிப்பட்ட மனிதர் 1977 ஆடி மாதத்தில், பேய் என்று ஒன்று உண்மையாகவே இருந்துவிட்டால் தேவலையே என்று தினமும் நினைத்துக்கொண்டிருந்தார். ஊரே நம்பிய ஒரு பேயை அவர் ஒருவர்தான் நம்பவில்லை. அந்தப் பேயின் தயவில் பிழைத்துக்கொண்டிருந்தவரும் அவர் ஒருவர்தான்.

ரயில் பாதைக்கு அப்பால் ஒரு பழைய சாயப் பட்டறை இருந்தது. கருங்கல் சுவர், காரைத் தளம், நீலமும் அரக்கும் ஒழுகிக் காய்ந்த உட்புறம். நூலுக்கு நிறம் ஏற்றுவதை விட்டுப் பல வருடமான அந்தக் கட்டடத்தை, கண்ணுக்குத் தெரியாத நிறத்தைப் பிரிப்பதற்காக ஒருவர் வாடகைக்கு எடுத்தார். அவர் சடகோபன், வானவியல் விஞ்ஞானி. நெற்றியில் ஸ்ரீசூர்ணம், சட்டைப் பையில் ஸ்லைடு ரூலும் பாக்கெட் பஞ்சாங்கமும். ராகு காலத்தில் கருவியைத் திறக்க மாட்டார். அவரிடம் ஃபிட்டராகச் சேர்ந்தவர்தான் கஜபதி. விஞ்ஞானி பக்தராகவும் ஃபிட்டர் நாத்திகராகவும் இருந்ததில் வேலைக்கு ஒரு குறையும் வரவில்லை.

கருவியின் பெயர் அகச்சிவப்பு நிறமாலைமானி. சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும் என்பதால் எல்லோருக்கும் அது 'பொட்டி'. சிவப்புக்கும் அப்பால், வெப்பத்துக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் ஒளி ஒன்று உண்டு. நட்சத்திரத்திலிருந்து வரும் அந்த ஒளியைப் பிரித்து, காகிதச் சுருளில் பேனாவால் கோடாக வரைந்து காட்டுவது பொட்டியின் தொழில். தொலைநோக்கியில் மாட்டுவதற்கு முன் அதைச் சோதித்துத் தேற்ற வேண்டும். மெட்ராஸில் கடல் ஈரம் அதன் கண்ணாடியில் வியர்த்தது. தொலைநோக்கி இருந்த மலையில் இடம் தயாராகவில்லை. திருத்தணியில் ஈரம் குறைவு, ரயில் உண்டு. அதனால் பொட்டி இங்கே வந்தது.

அந்த ஒளியிடம் ஒரு சங்கடம். சூடு உள்ள எதுவும் அதைச் சிந்தும்: வெயில், விளக்கு, கை, மூச்சு, பொட்டியே கூட. ஆகவே பொட்டியின் வயிற்றில் திரவ நைட்ரஜனை ஊற்றிக் குளிர வைப்பார்கள். மெட்ராஸிலிருந்து பால் கேன் போன்ற ஒன்றில் வரும். ஊற்றினால் வெள்ளைப் புகை தரையில் இறங்கி ஓடும். அறைக்குள் வெயில் ஒரு கீற்றும் நுழையக் கூடாது. மின்விசிறி சுற்றினால் பேனா நடுங்கும். பம்பாய் மெயில் போனாலே நடுங்கும். எனவே கதவை மூடிவிட்டு, விசிறி இல்லாமல், ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை காகிதத்தில் பென்சிலால் மணி குறிக்க வேண்டும்.

நைட்ரஜன் விஷம் இல்லை. நாம் இழுக்கும் மூச்சில் பெரும்பங்கு அதுதான். அது மட்டுமே இருந்தால்தான் ஆபத்து. வாசனை இருக்காது, இருமல் வராது, மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது. ஆள் தூங்குவது போலச் சாய்வான். குளிர்ந்த வாயு தரையோடு தங்கும் என்பதால் சடகோபன் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். சாயத் தண்ணீர் வெளியேறுவதற்காகப் பட்டறையின் தரை மட்டத்தில், முழங்கை நுழையும் அகலத்தில் ஒரு ஜலதாரை இருந்தது. வெளிப்பக்கம் ஓடு சாய்த்து வெயிலை மறைத்துவிட்டு, ஓட்டையைத் திறந்தே வைத்தார். கனத்த வாயு, தண்ணீர் போன வழியிலேயே போய்விடும்.

நல்ல ஏற்பாடு. அதைக் கெடுத்தது அறியாமை அல்ல, கைப்பழக்கம்.

ஆடிக் காற்று தொடங்கினால் தறிக்காரன் வீட்டில் முதல் வேலை ஓட்டை அடைப்பது. வறண்ட மேல்காற்று பட்டால் தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூல் காய்ந்து பட்பட்டென்று அறும். கழிவு நூலைக் கஞ்சியில் நனைத்து உருட்டிச் சந்து பொந்தில் திணித்துவிட்டால், காய்ந்து கல்லாகிவிடும். கஜபதி இதை நாலு வயதிலிருந்து செய்தவர்.

1976 ஆடியில் ஒரு காலை. ஜலதாரை வழியாகக் காற்று புழுதியை வாரி ஊதியது. பேனா நடுங்கியது. சடகோபன் மெட்ராஸுக்குப் போயிருந்தார். கஜபதியின் கை, கஜபதியைக் கேட்காமலே, அடுத்த தெருவில் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டவர்களிடம் கொஞ்சம் வாங்கி வந்து, நூலை உருட்டி, ஓட்டையை அடைத்தது. பேனா அடங்கியது.

அன்று உள்ளே உட்கார்ந்தவன் வேணு. கஜபதியின் மனைவி பத்மாவுக்குச் சித்தப்பா மகன். கஜபதியே வேலைக்குச் சேர்த்துவிட்டவன். முப்பது வயது, சதா சிரிப்பு. மணி குறிக்கும்போது பென்சிலால் பொட்டியை இரண்டு தட்டு தட்டுவது அவன் வழக்கம்.

"பாவா, காத்து நின்னுபோச்சே! முருகன் கருணை."

"முருகன் இல்லடா, கஞ்சி."

"நமக்குக் கஞ்சி ஊத்துறது யாரு? அந்த முருகன் தான்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

பொட்டியில் எங்கோ கசிவு இருந்திருக்கிறது. நைட்ரஜன் வழக்கத்தைவிட வேகமாகக் கொதித்தது. ஒரு கேனுக்குப் பதில் இரண்டு கேன் இறங்கியிருந்தது. அரை மணிக்கு ஒருமுறை கதவைத் தட்டிக் குரல் கேட்க வேண்டியது கஜபதியின் பொறுப்பு. அவர் எதிரே சேட்டுவின் டீக்கடையில் இருந்தார். செத்த பிறகு மனிதனிடம் ஒன்றும் மிஞ்சாது என்று சேட்டுவுக்கு நிரூபித்துக்கொண்டிருந்தார். வாதத்தில் ஜெயித்தார். அதற்கு ஐம்பது நிமிடம் ஆயிற்று.

கதவைத் திறந்தபோது வேணு பொட்டிக்கு முன்னால் சாய்ந்து கிடந்தான். கஜபதி அவனை வெளியே இழுத்துப் போட்டார், மார்பை அழுத்தினார், கத்தினார். சேட்டு டாக்டரை அழைக்க ஓடினான். அந்த இடைவெளியில் கஜபதி மறுபடி உள்ளே போய், கஞ்சி அடைப்பைப் பிடுங்கிக் கால்சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

டாக்டர் வந்தார், போலீஸ் வந்தது, சாயங்கால ரயிலில் சடகோபன் வந்தார். வந்தவர் முதலில் ஜலதாரைக்குள் கையை விட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இது காலம்பரயும் இப்படித்தான் இருந்ததா?"

"தெறந்துதான் இருந்துது சார்" என்றார் கஜபதி.

மாரடைப்பு என்று எழுதினார்கள்.

பேய் அதற்குப் பிறகுதான் வந்தது. அதுவும் இங்கிலீஷில் வந்தது. பொட்டி வரையும் கோட்டில், வரும் ஒளியில் இல்லாத ஒரு சின்ன மேடு சில சமயம் எழும்பும். உள்ளே எதிலோ பட்டுத் தெறிக்கும் கள்ள ஒளியின் வேலை. தமிழில் பொய்க்கோடு என்று சொல்லலாம். இங்கிலீஷ்காரர்கள் அதற்கு கோஸ்ட் என்று பெயர் வைத்துத் தொலைத்திருக்கிறார்கள். வேணு போன மூன்றாவது வாரம், சேட்டு கடையில் டீயை ஆற்றியபடியே சடகோபன் சொன்னார்: "கஜபதி, அந்த கோஸ்ட் இன்னும் போகலை. மூடியே வெச்சாலும் வரது."

சேட்டுவுக்கு இங்கிலீஷில் தெரிந்த நாலைந்து வார்த்தைகளில் அது ஒன்று. கிளாஸ் கையிலிருந்து நழுவியது. பொழுது சாய்வதற்குள் ஆர்.கே.பேட்டை பஸ் வரைக்கும் செய்தி ஏறிவிட்டது: பட்டறையில் வேணு இருக்கிறான், பெரிய ஐயரே தன் வாயால் சொல்லிவிட்டார்.

"இன்னா கஜபதி" என்றான் சேட்டு, "பேய் இல்லன்னு நோட்டீஸ் குடுப்பியே, இப்போ இன்னா சொல்றே?"

"டீ ஆறுது, குடு."

மறுத்திருக்கலாம். மறுத்தால் அடுத்த கேள்வி வரும்: பின்னே அவன் எப்படிச் செத்தான்? கஜபதி வாயை மூடிக்கொண்டார். அந்த வருடம் கிருத்திகைகளில் அவரிடம் நோட்டீஸ் வாங்க யாரும் இல்லை என்று சொல்வதற்கில்லை. கொடுக்கத்தான் ஆள் வரவில்லை.

வேணுவின் மனைவி அம்சா அமாவாசை தோறும் அம்மையார்குப்பத்திலிருந்து பஸ் ஏறி வந்து, பட்டறை வாசற்படியில் ஒரு டம்ளர் டீ வைத்துவிட்டு, கோயில் வரை போய்த் திரும்புவாள். முதல் முறை கஜபதிக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. கீழே கொட்ட மனம் வரவில்லை. குடித்துவிட்டார். திரும்பி வந்த அம்சா காலி டம்ளரைப் பார்த்தாள். இரண்டு கையாலும் எடுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவரால் குடிக்காமல் இருக்க முடியவில்லை. வருடம் முழுக்க அமாவாசை தவறாமல், ஆறிப்போன டீயைப் பேய்க்குப் பதிலாக நின்றபடி குடித்தார்.

வேணுவின் இடத்தில் உட்கார்ந்து மணி குறிப்பதும் அவர் வேலையாயிற்று. கதவை மூடியதும் தரையோடு புகை நகரும். நகர்ந்து ஜலதாரைப் பக்கம் போகும். போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். அப்போது இரண்டு தட்டு கேட்கும். குறித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தால் சரியாக ஐந்து நிமிடம். மறுபடி இரண்டு தட்டு. மறுபடி ஐந்து நிமிடம். கடிகாரம் பார்க்காமலே இவ்வளவு துல்லியமாகக் குறிக்கும் ஆளைத் தான் கண்டதில்லை என்று சடகோபன் பாராட்டினார். வீட்டில் கஜபதி கதவைத் திறந்து போட்டே தூங்கினார். திருடன் வருவான் என்றாள் பத்மா. "வரட்டும், காத்தும் கூட வரும்" என்றார். மறுநாள் தம் வீட்டு ஜன்னல் சந்துகளில் இருந்த கஞ்சி அடைப்புகளையெல்லாம் திருப்புளியால் நோண்டி எடுத்தார். பத்மாவின் தறியில் பாவு அறுந்தது. பத்மா அழுதாள். காரணம் சொல்லவில்லை.

1977 ஆடியில் கடைசிச் சோதனை. நாலு நாள் கோடு ஒழுங்காக வந்தால் பொட்டி மலைக்குப் போகும். கஜபதி வெளியே நைட்ரஜனைக் கவனிக்க வேண்டியிருந்தது. உள்ளே உட்கார சடகோபன் ஒரு ஆளைச் சேர்த்திருந்தார்: வேணுவின் அண்ணன் தங்கவேல். தறி ஓடாமல் கிடந்த மனிதர். குடும்பத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற நல்லெண்ணம்.

முதல் நாளே காற்று எழும்பியது. பேனா நடுங்கியது.

"கஜபதி, அந்த ஓட்டையை அடைச்சுடுங்கோ" என்றார் சடகோபன்.

"சார், வாயு தங்கிடுமே."

"நானும் அப்படித்தான் பயந்துண்டிருந்தேன். போன வருஷம் திறந்துதானே இருந்தது? திறந்திருந்தும் அவன் போயிட்டான். அப்போ வாயுவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை, ஹார்ட்தான்னு ஆச்சு. இந்த ஓட்டை இருந்தாலும் ஒண்ணு, இல்லேன்னாலும் ஒண்ணு. மேல சுவத்துல இருக்கற சின்னத் துவாரம் போதும்."

தப்பான அளவு ஒன்றை நோட்டில் ஏற்றிவிட்டால் அது சும்மா கிடக்காது. அதன் மேல் அடுத்த கணக்கு ஏறும், அதன் மேல் இன்னொன்று. கஜபதி சொன்ன மூன்று வார்த்தைகள் ஒரு நல்ல மூளையில் ஒரு வருடம் ஊறி, குற்றமில்லாத தர்க்கத்தோடு வெளியே வந்து நின்றன.

"கஞ்சி நானே கொண்டாந்துட்டேன் பாவா" என்றார் தங்கவேல், தூக்குவாளியைக் காட்டி. "ஐயிரு காலைலயே சொன்னாரு. கழிவு நூலும் கீது. நீங்க இருங்க, நான் அடைக்கிறேன்."

குந்தி உட்கார்ந்தார். நூலை நனைத்தார், பிழிந்தார், உள்ளங்கையில் உருட்டினார். கட்டைவிரலால் ஓரத்தை அமுக்கி அமுக்கித் திணித்தார். கஜபதி அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த அடைப்பு காயும். கதவு மூடும். மூடிய கதவுக்கு உள்ளே இவர் உட்காருவார்.

"எடு தங்கவேலு."

"இன்னா பாவா? நல்லாத்தான ஒட்டிகினு கீது."

"எடுன்றேன்!" என்று அவரைத் தள்ளிவிட்டு, கஜபதி தானே அதைப் பிடுங்கினார். ஈர நூல் கையில் தொங்கியது. "போன வருசமும் இது அடைச்சிதான் இருந்துச்சு. நான் தான் அடைச்சேன். இதே கஞ்சி. போலீஸ் வர்றதுக்குள்ள நான் தான் எடுத்துட்டேன்."

கேனுக்குள் நைட்ரஜன் சலசலத்தது.

"திறந்திருந்ததுன்னு சொன்னேளே" என்றார் சடகோபன்.

"பொய் சார்."

சடகோபன் தம் டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய காகிதச் சுருள் ஒன்றைத் தேடி எடுத்து மேஜையில் விரித்தார். அந்த நாளின் கோடு. ஐந்து நிமிடத்துக்கு ஒரு பென்சில் குறி. பதினொன்று இருபதில் கடைசிக் குறி. அதை ஒட்டிக் கோடு திடீரென்று மேலே ஏறி, பிறகு மிக மெதுவாக, அரை மணி நேரத்துக்கு, இறங்கிக்கொண்டே போயிற்று. ஓரத்தில் சடகோபனின் கையெழுத்தில் 'கருவியின் சறுக்கல். கணக்கில் சேர்க்க வேண்டாம்' என்று இருந்தது. அன்று பொட்டி வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. சுவருக்கும் பொட்டிக்கும் நடுவில் விழுந்தது என்ன என்று அவர் இத்தனை நாள் யோசிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

"அது இன்னா கோடு?" என்றார் தங்கவேல்.

"வேணு" என்றார் கஜபதி.

"கீழ எறங்கிகினே போவுதே."

"ஆறிகினு இருக்கான்."

தங்கவேல் அடிப்பார் என்று கஜபதி எதிர்பார்த்தார். கொஞ்சம் ஆசையும் பட்டார். அடிக்கவில்லை. "அம்சாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே வந்து சொல்லு" என்றார். பத்து வருடமாக 'நீங்க' என்றிருந்தவர்.

சட்டப்படி என்ன நடந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடலாம், ஏனென்றால் ஒன்றும் நடக்கவில்லை. சடகோபன் மேலிடத்துக்கு நாலு பக்கம் எழுதினார். டாக்டர் சான்றிதழின் பேரில் மூடப்பட்ட கோப்பை மறுபடி திறக்க அந்த டாக்டரின் ஒப்புதல் தேவை, அவர் மாற்றலாகிவிட்டார் என்று பதில் வந்தது. ஜலதாரைக்கு இரும்புக் கம்பி வைத்து, அடைக்காதே என்று பலகை மாட்டினார்கள். பொய்க்கோட்டுக்கும் காரணம் கிடைத்தது: உள்ளே ஒரு திருகாணியின் தலை மின்னிக்கொண்டிருந்தது. அதற்குக் கறுப்பு மை பூசியதும் கோடு மறைந்தது. பொட்டி தேறி மலைக்குப் போயிற்று. ஊரில் இருந்த பேய்க்கு அந்த மை எட்டவில்லை.

உண்மையைச் சொன்ன அன்று மதியமே கஜபதி அம்மையார்குப்பத்துக்கு பஸ் ஏறினார். தங்கவேல் அதே பஸ்ஸில் முன் சீட்டில், திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். தெரு முழுக்கப் பவர்லூம் சத்தம். அம்சா கூடத்தில் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணா. அக்கா எப்படி கீறாங்க? உக்காருங்க."

"வேணாம்மா" என்று நின்றபடியே சொன்னார். காற்று, கஞ்சி, டீக்கடை, பிடுங்கியது, பொய் சொன்னது, எல்லாம். அமாவாசை டீயை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. ராட்டை நிற்கவில்லை. நூல் தீர்ந்த பிறகுதான் கையை எடுத்தாள்.

"வேணும்னா அடைச்சீங்க?"

"இல்லம்மா. காத்து வந்துச்சு."

"அப்புறம் புடுங்கினீங்களே, அது?"

"அது வேணும்னு தான்."

அம்சா சுற்றிய நூலை எடுத்துக் கூடையில் போட்டாள். பிறகு கூடத்துத் தூணைக் காட்டினாள். "வெள்ளிக்கிழமை தவறாம வர்றாரு அண்ணா. அந்தத் தூணாண்ட குந்திகினு பேசுவாரு. தறியப் பத்தி, தண்ணியப் பத்தி, உங்களப் பத்திக்கூட. பாவா எளச்சிட்டாருன்னு போன வாரம் சொன்னாரு. இத மட்டும் ஒரு வாட்டிகூட சொல்லலயே."

செத்தவர் வருவதில்லை என்பதற்கு கஜபதியிடம் இருபத்தாறு வருடத்து ஆதாரங்கள் இருந்தன. எல்லாம் அச்சிலேயே இருந்தன. தூணைத் திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"உங்கள இன்னா செய்யறதுன்னு எனக்குத் தெரியல" என்றாள் அம்சா. "செத்தது நான் இல்ல. அவரைக் கேக்கறேன். சனிக்கிழமை வாங்க."

"அம்சா, உனக்குப் பைத்தியமா?" என்று தங்கவேல் வாசலிலிருந்து கத்தினார். "வெட்டிப் போட வேண்டிய ஆளுக்கு நாள் குறிக்கிறியே!"

"நீ சும்மா இரு மாமா. அவரு சொல்லட்டும்."

வீட்டுக்கு வந்து பத்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் மூன்று நாள் சோறு போட்டாள், பேசவில்லை. நாலாம் நாள், சனிக்கிழமை காலை, கறுப்புச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். அது காய்வதற்குள் கஜபதி ஒரு வெள்ளைச் சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். எங்கே என்றாள், அதுதான் அவள் பேசிய முதல் வார்த்தை. வேணு என்ன சொன்னான் என்று கேட்க, என்றார்.

அம்சா வாசலிலேயே நின்றிருந்தாள். உள்ளே கூப்பிடவில்லை.

"நேத்து கேட்டேண்ணா. அவரு ஒண்ணும் பேசல. ரொம்ப நேரம் அப்படியே குந்திகினு இருந்தாரு. போறப்போ, யோசிச்சி சொல்றேன்னாரு. அடுத்த சனிக்கிழமை வாங்க."

கஜபதி தலையாட்டினார். இரண்டு படி இறங்கியவர் நின்று திரும்பினார்.

"அவசரம் இல்லன்னு சொல்லும்மா" என்றார்.